கூப்பிடாத பெயர்

மேல்சோலை எஸ்டேட் லைன்,
கிளியூர் வழி, ஏற்காடு.
18-4-1969

மதிப்பிற்குரிய தேவகுமாரி டீச்சர் அவர்களுக்கு,

சென்னம்மாள் எழுதுவது. வணக்கம். இது என்னுடைய மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் வந்து சேரவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. இரண்டாவதைப் பதிவுத் தபாலில் போட்டேன். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் சீட்டு திரும்பி வந்து எங்கள் வீட்டு முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. என் நோட்டுகளில் சிவப்பு மையில் பார்த்துப் பார்த்துப் பழகிய கையெழுத்து. அதில் ஏமாற மாட்டேன்.

ஒருவேளை ஆளை மறந்துவிட்டீர்களோ என்னவோ. நான் காளியண்ணன் மகள். எங்கள் குடியிருப்பு லைனுக்கு மேலே இருக்கும் நம் பள்ளியில் 1965-ல் எட்டாம் வகுப்பு சர்க்கார் பரீட்சை பாஸ் செய்த நான்கு பேரில் ஒருத்தி. இப்போது எனக்கு வயது பத்தொன்பது. காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கொட்டகையில் ஆயாவாக இருக்கிறேன்.

சேலத்தில் மருத்துவச்சிப் பயிற்சிப் பள்ளியில் சேர விண்ணப்பம் வாங்கியிருக்கிறேன். இந்த எஸ்டேட்டுக்கு இதுவரை மூன்று மருத்துவச்சிகள் கீழே இருந்து வந்தார்கள். ஒருத்தி குளிருக்கு ஓடினாள், ஒருத்தி அட்டைப்பூச்சிக்கு ஓடினாள், மூன்றாமவள் எதற்கு ஓடினாள் என்று சொல்லாமலே ஓடினாள். போன தை மாதம் பக்கத்து லைன் வீராயி அக்காவுக்கு வலி எடுத்து, கம்பளியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போனோம். ரோட்டை எட்டுவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. அக்காவைத் திரும்பத் தூக்கி வந்தோம், உயிரோடு இல்லை. இந்த மலைக்குக் குளிர் பழகிய ஒருத்தி வேண்டும் டீச்சர். எனக்குப் பழகியிருக்கிறது.

கடைசியாக எந்தத் தலைமை ஆசிரியரிடம் படித்தேனோ அவரிடம் நடத்தைக் கடிதம் வாங்கி, ஒட்டிய உறையில் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். அங்கே இப்போது தலைமை ஆசிரியராக இருக்கும் பழனிசாமி சாரிடம் போனேன். "உன்ற மூஞ்சியையே நான் இன்னைக்குத்தான் பாக்கறேன் கண்ணு. யாருகிட்டப் படிச்சயோ அவங்ககிட்டயே வாங்கியா" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. மே 31 கடைசி நாள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் விண்ணப்பத்தைப் பிரிக்கக்கூட மாட்டார்களாம்.

என் மேல் வருத்தம் இருந்தால் எழுதித் திட்டுங்கள். பெற்ற கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது எந்த ஊர் நியாயம்?

இப்படிக்கு,
கா. சென்னம்மாள்


ஆத்தூர்
26-4-1969

சென்னம்மாளுக்கு,

மூன்று கடிதங்களும் கிடைத்தன. சொல்ல ஒன்றும் இல்லாததால் பதில் போடவில்லை. முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். கேட்டு வந்தவர்கள் நூற்றுக்கு மேல் இருப்பார்கள். நான் எழுதிக் கொடுத்தது நான்கே நான்கு. கேட்டதும் பிடுங்கிக் கொடுக்க அது தோட்டத்துக் கீரை இல்லை.

ஆளை மறந்துவிட்டேனோ என்று கேட்டிருக்கிறாய். நீ எதை மறந்தாயோ அதை நான் சொல்கிறேன். 1962 டிசம்பர், காப்பிப் பழம் பறிக்கும் காலம். ஐம்பத்திரண்டு பெயர் உள்ள பள்ளியில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தீர்கள். முன்கூட்டிச் சொல்லாமல் பள்ளி இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். ரிஜிஸ்டரில் ஐம்பது பேர் ஆஜர் என்று நான் போட்டிருந்தேன். மற்றவர்கள் எங்கே என்றார். அம்மை ஊசி போட எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு டீயைக் கையில் எடுத்தார். அப்போது நீ எழுந்தாய். உன்னை யாரும் கேட்கவில்லை. "இல்லீங்க சார். எல்லாரும் பழம் பறிக்கப் போயிருக்காங்க. மூணு வாரமாப் போறாங்க" என்றாய்.

அந்த டீயை அவர் குடிக்கவில்லை.

பொய் வருகை எழுதியவர் என்று என் பணிப் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. நான் சேலத்தில் பெரிய பள்ளிக்கு மாற்றல் கேட்ட போதெல்லாம் எனக்கு முன்னால் அந்த வரி போய் நின்றது. ரிட்டயர் ஆகும் வரை மலையிலேயே இருந்தேன்.

அந்தப் பொய்யை ஏன் எழுதினேன் என்று உன் பன்னிரண்டு வயதுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இப்போது தெரிந்துகொள். வருகை நாற்பதுக்குக் கீழே போனால் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளை எடுத்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து எழுதியிருந்தார்கள். எடுத்திருந்தால் நீ ஆறாம் வகுப்பில் பாதியில் கூடையை மாட்டியிருப்பாய். எடுக்காமல் தப்பியது, மறு வாரமே நான் லைன் லைனாக ஏறி இறங்கிப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்ததால். நீ விண்ணப்பத்தில் காட்டுகிறாயே எட்டாம் வகுப்பு, அதற்கு அடியில் கிடப்பது என் பொய். அதை யாரும் கேட்காமலே எழுந்து நின்று உடைத்தாய். இப்போது என்னிடம் நன்னடத்தைக் கடிதம் கேட்கிறாய்.

உன் கடிதத்தில் ஆறு பிழைகள் இருக்கின்றன. திருத்தி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

தேவகுமாரி


மேல்சோலை எஸ்டேட்
2-5-1969

டீச்சர் அவர்களுக்கு,

திருத்தம் கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் எதையும் மறக்கவில்லை. அதற்காகப் பயந்துதான் முதல் கடிதத்தையே ஒரு மாதம் தள்ளி எழுதினேன். ஆனால் நீங்கள் பாதிக் கதையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். மீதியை நான் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

என் தங்கை காவேரியை நினைவிருக்கிறதா? இருக்காது. அவளை நீங்கள் பார்த்ததே குறைவு. அம்மா காட்டுக்குப் போனால் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். அதனால் வருஷம் முழுவதும் அவள் லைனில்தான் இருந்தாள். உங்கள் ரிஜிஸ்டரிலோ தினமும் பள்ளிக்கு வந்தாள். ஒன்றாம் வகுப்பு, இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறிக்கொண்டே போனாள். நான் உங்கள் மேசைக்குப் பக்கத்தில் நின்று கணக்குக் காட்டும்போது அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன். காவேரி, ஆஜர். காவேரி, ஆஜர். வீட்டில் அவள் தம்பிக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருப்பாள். வராத பிள்ளையைத் தேடி யாராவது வருவார்கள். வந்துவிட்டதாக எழுதிய பிள்ளையைத் தேடி யார் வருவார்கள் டீச்சர்?

நான் எழுந்து நின்றது அதற்காகத்தான். உங்களை மாட்டிவிட அல்ல. அந்த சார் பெரிய ஆளாகத் தெரிந்தார். சொன்னால் காவேரியைக் கூட்டிவரச் சொல்வார் என்று நினைத்தேன்.

மறு வாரம் லைன் லைனாக ஏறினேன் என்கிறீர்கள். ஏறினீர்கள், நானும் பார்த்தேன். மறு வாரம் ஏற முடிந்த லைனை முந்தின வருஷம் ஏறியிருக்கலாம் அல்லவா? நீங்கள் இழுத்து வந்தபோது காவேரிக்கு ஒன்பது வயது, அ, ஆ தெரியாது. ரிஜிஸ்டரில் நாலாம் வகுப்பு என்று இருந்ததால் நாலாம் வகுப்பில் உட்காரவைத்தீர்கள். பொங்கல் முடிந்ததும் அவளே நின்றுவிட்டாள். இன்று சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கிறாள். உங்கள் பொய்யில் நான் எட்டாவது படித்தேன் என்றால், அதே பொய்யில்தான் அவள் படிக்காமல் போனாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பிறகு நான் பள்ளியை விட்டுப் போகும் வரை, இரண்டே கால் வருஷம், வருகை எடுக்கும்போது என் பெயரை நீங்கள் கூப்பிடவில்லை. எனக்கு மேலே உள்ள பெயரைக் கூப்பிடுவீர்கள். ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பீர்கள். பேனா ஒரு கோடு போடும். பிறகு கீழே உள்ள பெயர். நான் "உள்ளேன் டீச்சர்" சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டேன். அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும்.

நான் புகழ்ச்சி கேட்கவில்லை. நீங்கள் அறிந்ததை எழுதுங்கள். இருபத்தொன்பது நாள் இருக்கிறது.

சென்னம்மாள்


ஆத்தூர்
8-5-1969

சென்னம்மாளுக்கு,

உன் தங்கையைப் பற்றி எழுதியதில் திருத்த ஒரு பிழையும் இல்லை. இருந்தால் திருத்தியிருப்பேன்.

நீ கேட்ட கடிதம் உள்ளே தனி உறையில், அரக்கு வைத்து. உடைக்காதே. அது உனக்கு எழுதியது அல்ல, பயிற்சிப் பள்ளித் தலைவிக்கு எழுதியது. முத்திரை உடைந்தால் அவர்கள் வாங்க மாட்டார்கள். நன்றி சொல்லி வேறு ஒரு தபால் தலையை வீணாக்காதே. நான் உன்னைப் புகழ்ந்து எழுதவில்லை.

தேவகுமாரி


மேல்சோலை எஸ்டேட்
13-5-1969

டீச்சர் அவர்களுக்கு,

புகழ்ந்து எழுதவில்லை என்றீர்கள். இப்படி எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

இந்த மலையில் முப்பது வருஷம் இருந்தவர் நீங்கள். லைன் ஆட்களுக்குக் கடிதம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? எல்லாம் ஒரே பையில் எஸ்டேட் ஆபீசுக்கு வரும். கணக்கு எழுதும் ரைட்டர் பிரிப்பார். சாயந்திரம் காப்பி காயவைக்கும் களத்தில் வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடக் கூட்டம் கூடும்போது, இன்னாருக்கு இன்ன சேதி என்று உரக்கப் படிப்பார். படிக்கத் தெரியாத சனம் வேறு என்ன செய்யும்? சாவுச் சேதியும் அப்படித்தான், சடங்குச் சேதியும் அப்படித்தான். உங்கள் முதல் கடிதம் வந்தபோது பை வரும் நேரம் பார்த்து ஆபீஸ் வாசலில் நின்று பிரிக்காமல் வாங்கிக்கொண்டேன். நேற்று கொட்டகையில் இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல். என்னால் நகர முடியவில்லை.

ரைட்டர் தங்கராஜ் அண்ணன் கெட்டவர் இல்லை. அரக்கு வைத்த உறையைப் பார்த்ததும் நல்ல சேதி என்று நினைத்துவிட்டார். "நம்ம காளியண்ணன் புள்ளைக்கு டீச்சரம்மா சிபாரிசு குடுத்திருக்காங்க, எல்லாரும் கேளுங்க" என்று சொல்லி மேடையில் ஏறி நின்று உள் உறையையும் கிழித்துப் படித்தாராம். என்ன படித்தார் என்று எனக்குப் பத்துப் பேர் வந்து சொன்னார்கள். பத்துப் பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள், அதனால் அதில் ஒரு சொல்லும் கூடக்குறைய இருக்காது. "இவள் பிடிவாதக்காரி. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுவாள். யாருடைய மனம் நோகும் என்று பார்க்க மாட்டாள். தன் ஆசிரியையை அதிகாரி முன் தலைகுனிய வைத்தவள்." இதுதான் உங்கள் நன்னடத்தைக் கடிதம்.

எங்கள் அப்பா முன்வரிசையில் நின்றிருக்கிறார். புது வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தாராம். "போதும் நிறுத்துங்க சாமி" என்று சொல்லிக் கடிதத்தை உறையோடு கையில் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துவிட்டார். நான் வந்து பார்த்தபோது அரக்கு மட்டும் உருகிக் கல்லில் ஒட்டியிருந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. "உனக்கு அந்தப் படிப்பு வேண்டாம் கண்ணு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

எழுத மனமில்லை என்றால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழுதித் தருகிறேன் என்று சொல்லி, அரக்கு வைத்து, முதுகில் குத்த வேண்டியதில்லை. ஏழு வருஷம் காத்திருந்து வஞ்சம் தீர்த்துவிட்டீர்கள். உங்களுக்கு இப்போது திருப்தியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

சென்னம்மாள்


ஆத்தூர்
17-5-1969

சென்னம்மாளுக்கு,

அரக்கு வைத்த கடிதத்தைக் காப்பிக் களத்தில் மேடை ஏறிப் படித்திருக்கிறான் அந்தத் தங்கராஜ். அவனுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று கற்றுக்கொடுக்கத் தவறிவிட்டேன் போலிருக்கிறது.

உன் அப்பாவுக்கு ஒரு கேள்வி. நான் எழுதியது இரண்டு பக்கம். தாளின் அடியில் "மறுபக்கம் பார்க்க" என்று எழுதியிருந்தேன். அதை யாராவது திருப்பிப் பார்த்தீர்களா? பத்துப் பேர் சொன்னார்கள், கூடக்குறைய இல்லை என்கிறாய். பத்துப் பேரும் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள். நான் பாதிக் கதை எழுதினேன் என்று மே இரண்டாம் தேதிக் கடிதத்தில் குற்றம் சொன்னவள் நீ.

மறுபக்கத்தில் என்ன இருந்தது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அது உனக்கு எழுதியது அல்ல என்று முன்பே சொல்லிவிட்டேன். முதுகில் குத்தினேன் என்றும் எழுதியிருக்கிறாய். நான் யாரையும் முதுகில் குத்தியதில்லை. எனக்கு யார் மேல் கோபமோ அவர்கள் முகத்துக்கு நேரே இரண்டே கால் வருஷம் காட்டியிருக்கிறேன்.

இனி ஒரு கடிதத்தையும் அந்தப் பையை நம்பி அனுப்ப மாட்டேன். என்ன செய்வது என்று யோசிக்கிறேன்.

தேவகுமாரி


ஆத்தூர், உங்கள் வாசல்
21-5-1969, மதியம் ஒரு மணி

டீச்சர் அவர்களுக்கு,

யோசிக்கிறேன் என்று எழுதினீர்கள். நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் மே மாதம் முடிந்துவிடும் என்று நானே கிளம்பி வந்தேன். கொட்டகையில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, முதல் பஸ் பிடித்து, சேலத்தில் மாறி வந்து பார்த்தால் உங்கள் கதவில் பூட்டு தொங்குகிறது. உங்களை முகத்துக்கு நேரே கேட்க நான்கு கேள்விகள் மனப்பாடம் செய்து வந்திருந்தேன்.

பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் அம்மாதான் தண்ணீர் கொடுத்தார்கள். "டீச்சர் விடியக்காலமே கிளம்பிட்டாங்களே. கையில ரெண்டு எலுமிச்சம்பழம் வேற. ஏற்காட்டுக்குப் போறேன்னு சொன்னாங்க" என்கிறார்கள். நான் மலை இறங்கும்போது நீங்கள் மலை ஏறியிருக்கிறீர்கள். எந்த வளைவில் நம் இரண்டு பஸ்ஸும் ஒதுங்கி வழி விட்டதோ தெரியவில்லை.

இருபது வளைவுக்கும் வாந்தி எடுப்பீர்கள் என்று பள்ளிக்கூடமே அறியும். எதற்குப் போனீர்கள்? மறுபடியும் எங்கள் அப்பாவைத் தலைகுனிய வைக்கவா? இரண்டு மணி பஸ்ஸில் திரும்புகிறேன். சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் மேலே போக இடம் கிடைக்குமா தெரியாது. இந்தச் சீட்டை மரியபுஷ்பம் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

சென்னம்மாள்


மேல்சோலை எஸ்டேட்
6-6-1969

டீச்சர் அவர்களுக்கு,

இரண்டு வாரமாக எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல்தான். கோபம் ஒரு பக்கம் இருந்தது, மறுபக்கம் என்ன இருந்தது என்று பெயர் சொல்லத் தெரியவில்லை.

அன்று கூட்டத்தில் மூன்று பஸ்ஸை விட்டு, நான் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நீங்கள் ஐந்தரை மணி பஸ்ஸுக்கே போய்விட்டீர்கள். களத்தில் நடந்ததைக் காவேரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். ஏற்கெனவே ஒரு தரம் பாதியைக் கேட்டு மோசம் போனவள் நான். இதிலும் ஏதாவது விட்டுப்போயிருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நாலு மணிக்குப் பேர் போடக் கூட்டம் கூடியபோது, பஸ் நிற்கும் ஒண்டிக்கடையிலிருந்து நடந்தே வந்து களத்துக்குள் நுழைந்தீர்களாம். முகம் வெளுத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு. தங்கராஜ் அண்ணன் எழுந்து நின்றுவிட்டாராம். "நீ படிச்சது ஒரு பக்கம் தங்கராஜு. எறங்கு. மீதிய நான் படிக்கறேன்" என்று சொல்லி மேடையில் ஏறினீர்களாம்.

ஆனால் கடிதத்தை முதலில் எடுக்கவில்லையாம். ஒரு பழைய வருகை நோட்டை எடுத்து, "அறுபத்திரண்டு டிசம்பர் பத்தொம்போதாந் தேதி வருகை" என்று சொல்லிவிட்டுப் பெயர் கூப்பிட ஆரம்பித்தீர்களாம். அம்மாசி என்றதும் அவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு "உள்ளேன் டீச்சர்" என்றானாம். எல்லாரும் சிரித்தார்களாம். அடுத்து காவேரி.

காவேரி சொல்கிறாள், "நான் எந்திரிச்சு நின்னுட்டேன் அக்கா. என்ன சொல்றதுன்னு தெரீல. எல்லாரும் உள்ளேன்னு சொல்லுன்னாங்க. நான், 'இல்லீங்க டீச்சர், நான் அன்னிக்கு வரலீங்க. வந்தேன்னு நீங்கதானுங்க எழுதினீங்க'ன்னு சொல்லிட்டேன்."

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லையாம். நீங்கள் "ஆமா" என்றீர்களாம். பேனாவை எடுத்து நோட்டில் அடித்து, மேலே ஏதோ எழுதினீர்களாம். அம்மாசி மறுபடி எழுந்து, "நானும் வரலீங்க டீச்சர்" என்றானாம். மாதேஸ்வரன் வரவில்லை என்றானாம். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தோரு பேர் வரவில்லையாம். ஒவ்வொருத்தருக்கும் அடித்து எழுதினீர்களாம். கடைசியில் எங்கள் அப்பா எழுந்து, "புள்ளைங்களக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனது நாங்கதானுங்க டீச்சரம்மா. உங்க மேல மட்டும் தப்பில்லீங்க" என்றாராம். "உங்களையும் சேத்துத்தான் சொல்லுறேன், உக்காருங்க" என்றீர்களாம். அப்பா அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகுதான் மறுபடி எழுதிக் கொண்டுவந்திருந்த கடிதத்தைப் படித்தீர்களாம். முதல் பக்கத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லையாம். பிடிவாதக்காரி அப்படியே இருந்ததாம். மறுபக்கத்தைக் காவேரி என்னிடம் மூன்று தரம் சொல்லிவிட்டாள். "மருந்து கொடுக்காமலே கொடுத்ததாக எழுத இவளால் முடியாது. பார்க்காத நோயாளியைப் பார்த்ததாக எழுத இவளால் முடியாது. என்னால் முடிந்தது. அதன் விலையைக் கொடுத்தது நான் மட்டும் அல்ல, நாற்பது குழந்தைகள். அந்த அறையில் இருந்த பெரியவர்கள் இருவர், பொய் சொன்ன நான், அதை நம்பிய அதிகாரி. உண்மையைச் சொன்னது ஒரு சிறுமி. என் முப்பத்தோரு வருடத்தில் நான் முழு மனதோடு நம்பக்கூடிய மாணவி இவள் ஒருத்தி."

படித்து முடித்து, அம்மாசியிடம் தீப்பெட்டி வாங்கி, எல்லார் முன்னாலும் அரக்கை உருக்கி ஒட்டி, "இது ஒடைஞ்சா நான் மறுக்கா வரமாட்டேன்" என்று சொல்லிக் காவேரியிடம் கொடுத்தீர்களாம். அவள் அதைத் தலைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். மறுநாள் நானே சேலம் போய்க் கையில் கொடுத்தேன். முத்திரை உடையவில்லை.

இன்று பயிற்சிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. தங்கராஜ் அண்ணன் பிரிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கே வந்து கொடுத்தார். இடம் கிடைத்துவிட்டது. ஜூன் 16 வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தீர்கள். இருந்தும் எனக்குக் கோபம் தீரவில்லை டீச்சர். தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். நான் சேலம் போகிறேன், காவேரி நாளைக்குக் களை எடுக்கப் போகிறாள். நோட்டில் அடித்து எழுதியதால் அவளுக்கு எழுத்து வந்துவிடவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை.

இன்னொன்று. காவேரிக்குப் பிறகு ஐந்தாறு பெயர் தள்ளி என் பெயரைக் கூப்பிட்டீர்களாம். உரக்கக் கூப்பிட்டு, நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தீர்களாம். "அக்கா உங்களத் தேடிட்டு ஆத்தூர் போயிருக்குதுங்க" என்று காவேரிதான் சொன்னாளாம். இத்தனை வருஷம் கழித்து நீங்கள் என் பெயரைக் கூப்பிட்ட அன்று பார்த்து நான் அங்கே இல்லை. உங்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் உங்கள் மேல் வருகிற கோபமும் என் மேல் வருகிற கோபமும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

சென்னம்மாள்


ஆத்தூர்
10-6-1969

சென்னம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. பிழைகள் மூன்று. பரவாயில்லை.

காவேரி சொன்னதில் விட்டுப்போனது ஒன்று உண்டு, அவளே மறைத்திருக்கிறாள். பஸ் நிற்கும் இடம் வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வழியில், தன் பெயரை எழுதுவது கஷ்டமா என்று கேட்டாள். மூன்று எழுத்து என்றேன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் சம்பளம் வாங்கும்போது என்ன செய்கிறாள் என்று அவள்தான் உனக்குச் சொல்ல வேண்டும், நீ கேட்காதே. நீ கற்றுக்கொடுக்கவும் போகாதே. உனக்குப் பொறுமை கிடையாது. ஆவணியில் நானே மறுபடி மேலே வருகிறேன். எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன்.

மன்னிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்கவில்லை. நீ மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தால் மறுபக்கத்தில் நான் எழுதியதை அழிக்க வேண்டியிருக்கும்.

அன்றைய வருகையில் உன் பெயருக்கு நேரே "இல்லை" என்று போட்டிருக்கிறேன். அறுபத்திரண்டு டிசம்பரில் நீ இருந்தாய், அது வேறு கணக்கு. இது நான் களத்தில் கூப்பிட்ட அன்றைய கணக்கு. நீ என்னைத் தேடிப் போனதைக் காவேரி அங்கேயே சொன்னாள், என் வாசலில் உட்கார்ந்திருந்தாய் என்பது வந்து உன் சீட்டைப் பார்த்த பிறகு தெரிந்தது. ஆனாலும் திருத்த மாட்டேன். வராதவளை வந்ததாக எழுதுவதை நான் விட்டு ஆறரை வருடம் ஆகிறது.

பதினாறாம் தேதி காலை எட்டு மணிக்கு அங்கே பெயர் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்து பதில் சொல்.

தேவகுமாரி